மஞ்சுளாவின் கால்களுக்கு ஒன்றுமில்லை

இன்று காலை மட்டாஞ்சேரிப் படகில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணின் முழங்காலிலிருந்து கர்ப்பூராதித் தைலத்தின் வாசனை வந்தது. மடியில் விளையாட்டுப் பை, கணுக்கால்வரை காய்ந்த சேறு, முழங்காலில் சுற்றிய துணி. எதிர்க்காற்று என்பதால் எர்ணாகுளம் கரையை விட்டதிலிருந்து இறங்கும்வரை அந்த வாசனை என் முகத்திலேயே இருந்தது. உன் கையின் வாசனை அது. சோறு பரிமாறினாலும் வரும், என் தோளைத் தட்டினாலும் வரும். நீ தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு கல்யாணங்களுக்கு வந்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தைலம்தான் மணத்தது.

நீ போய் ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்துவிட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் அது இரங்கல் குறிப்பு போலவே வந்தது. பிறந்த ஊர், பார்த்த வேலை, விட்டுச்சென்ற உறவுகள். முப்பது வருடமாக அந்தக் குறிப்புகளை எழுதி எழுதி என் கை அப்படியே பழகிவிட்டது. கிழித்துப் போட்டேன். இன்று படகிலிருந்து இறங்கும்போதுதான், மஞ்சுளாவைப் பற்றி எழுதினால் போதும் என்று தோன்றியது. நீ இருந்திருந்தால் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதற்கு முன்னால் அவள் எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்பாய்.

நாம் இருவரும் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம். நான் ஒரு தமிழ் நாளிதழின் கொச்சி நிருபரானேன். நீ களமசேரிப் பக்கம் ஒரு விளையாட்டு விடுதியில் வீராங்கனைகளுக்கு மசாஜ் செய்யும் வேலைக்குப் போனாய். உன் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர், "கால் அமுக்குற ஜோலியாமே" என்று உதட்டைப் பிதுக்கினார். நீ முறுக்கைக் கடித்துக்கொண்டே, "உங்க காலையும் அமுக்கலாம் சேட்டா. முதல்ல எங்கேயாவது ஓடிக் காட்டுங்க" என்றாய். அவர் பந்தி முடியும்வரை உன் பக்கம் திரும்பவில்லை.

என் வேலையை நீ ஒருநாளும் பெரிதாக மதித்ததில்லை. நான் வீரர்களிடம் பேட்டி எடுக்கப் படும் பாட்டைச் சொன்னால், "தசை பேட்டி குடுக்காதுடீ. அதுதான் அதுகிட்ட எனக்குப் பிடிச்சது" என்பாய். தொட்டே தெரிந்துகொள்வாய். எந்தப் பெண் முந்தைய நாள் கூடுதலாகப் பயிற்சி செய்தாள், யார் தூங்கவில்லை, யாருக்கு வீட்டில் சண்டை. எல்லாம் உன் கட்டைவிரலுக்குத் தெரியும். மஞ்சுளாவின் கால்களில் ஒன்றுமில்லை என்பதும் அந்த விரலுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது.

மஞ்சுளா வேகநடைக்காரி. அவள் அப்பா தேனிப் பக்கத்திலிருந்து வந்து, எர்ணாகுளம் பிராட்வேக்குப் பின்னால் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தவர். வேகநடை என்றால் அப்போது என் வாசகர்களுக்கு ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது. ஓடக்கூடாது. ஏதாவது ஒரு பாதம் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்வைத்த காலின் முட்டி மடங்கக்கூடாது. வழி நெடுக நடுவர்கள் நின்று காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருபது கிலோமீட்டர் அப்படி நடந்து, இந்தியாவுக்காக வெளிநாட்டுச் சாலைகளிலும் நடந்துவிட்டு வந்தவள் அவள்.

களமசேரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டி உனக்கு நினைவிருக்கும். தொழிற்சாலைச் சாலையை மறித்து ஒரு கிலோமீட்டர் சுற்று அமைத்திருந்தார்கள். விடிந்தும் விடியாத நேரம். பெயர்களைக் கூப்பிட்டார்கள், மஞ்சுளா வரவில்லை. விடுதி வண்டியின் பின்பக்கம் அவள் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பிறகு எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நேராக நடந்துபோய் வண்டியில் ஏறினாள். நொண்டவில்லை. அதையும் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்து நீ இறங்கி என்னிடம் வந்தாய். உனக்குப் பின்னால் வண்டி ஜன்னலில் அவள் தொடையில் வெள்ளைக் கட்டு தெரிந்தது.

"பின்தொடை. பிடிச்சிருக்கு. எழுதிக்கோ" என்று உன் தொடையைத் தொட்டுக் காட்டினாய்.

"நிஜமாவா?"

"எடீ, எழுதுன்னா எழுது. அந்தக் குட்டிக்கு நாளைக்கும் வெளியில காட்ட மூஞ்சி வேணும்."

எழுதினேன். இடது பின்தொடையில் தசைப்பிடிப்பு, மஞ்சுளா விலகல். அதன்பின் இன்னும் இரண்டு போட்டிகள், இன்னும் இரண்டு கட்டுகள், என் பெயரில் இன்னும் இரண்டு செய்திகள். அவளுக்கு நல்லது செய்கிறோம் என்றே நாம் இருவரும் நம்பினோம். அந்த ஒன்றரை வருடத்தில் அவளிடம் என்ன ஆயிற்று என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. காரணம்தான் கையில் இருந்ததே.

பிறகு அவளுக்கு அந்தக் கடிதம் வந்தது. தேசிய முகாமில் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். காயம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. பொய்க் காயம் காட்டிப் போட்டிகளைத் தவிர்த்ததாகக் குற்றம் சாட்டி, பத்து நாளுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் சரியில்லையென்றால் முகாமில் இடமில்லை. இணைப்பாக இரண்டு நகல்கள். ஒன்று, களமசேரிப் போட்டியன்று உன் சிகிச்சைப் பதிவேட்டில் நீ எழுதியது. வலது பின்தொடை. இன்னொன்று, மறுநாள் என் செய்தி. இடது பின்தொடை.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் மழையில் நனைந்தபடி, கிடங்குக்கு மேலே இருந்த உன் வீட்டு மாடிக்கு வந்தாள். என்னையும் நீ கூப்பிட்டிருந்தாய். அவள் கடிதத்தை நம் நடுவில் வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"எந்தக் கால்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்களா சேச்சி?"

நாம் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவளுக்குப் பதில் சொல்லாமல் நாம் சண்டை போட்டோம். நீ வலதைத்தான் தொட்டதாகச் சாதித்தாய். நான் என் குறிப்பேட்டை விரித்து, இடது என்று அன்றே எழுதியதைக் காட்டினேன். என் குறிப்பேடு தப்பாகாது என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம். நீ எழுந்து, அன்று நின்றது போலவே எனக்கு எதிரில் நின்று உன் வலது தொடையைத் தொட்டாய். அது என் இடது கைப் பக்கம் இருந்தது.

"கண்டோ? எதுத்தாப்ல நிக்கிறவளோட காலை உன் காலா நெனச்சு எழுதியிருக்கே, பெரிய பத்திரிகைக்காரி!"

"நீ வாயால சொல்லியிருக்கலாம்ல?"

"பொய்க்கு எடதென்ன வலதென்னடீ!"

மஞ்சுளா சிரித்துவிட்டாள். சாயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள், "எனக்கு ரெண்டு காலும் நல்லாயிருக்கு. அதை மட்டும் யாரும் எழுத மாட்டேங்கறாங்க."

அன்றுதான் அவள் முழுதாகச் சொன்னாள். போட்டிக்கு முந்தைய ஒரு வாரம் தூக்கம் வராது. தொடங்கும் கோட்டருகே போனால் நெஞ்சு இறுகி, கைவிரல்கள் மரத்துப்போகும். செத்துவிடுவேன் என்றே தோன்றும். இரண்டாவது போட்டிக்குப் பிறகு யாருக்கும் சொல்லாமல் தானே எர்ணாகுளத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போயிருக்கிறாள். மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள்.

"அப்போ மூணாவது தடவையும் வந்துச்சா?" என்று நீ கேட்டாய்.

"இல்ல சேச்சி. மூணாவது தடவை நான் நடந்திருப்பேன்."

"எந்தா?"

"நாலு மாசமா மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். தூக்கம் வந்துச்சு. அன்னைக்குக் காலைல படபடப்புகூட இல்ல. ஜெயிச்சிருப்பேன்னுதான் நெனைக்கிறேன். ஜெயிச்சா ஊக்கமருந்துச் சோதனைக்குக் கூப்பிடுவாங்கல்ல. அங்க ஒரு ஃபாரம் குடுப்பாங்க. கடைசி ஒரு வாரத்துல என்னென்ன மருந்து சாப்பிட்டேன்னு எழுதணும். அந்த மாத்திரைக்குத் தடை ஒண்ணும் இல்ல, டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். ஆனா பேரை எழுதணுமே. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு, எனக்குப் பக்கத்துல கோச். எனக்குக் கால்வலின்னு ஊருக்கே தெரியும். கால்வலிக்காரி எதுக்கு இந்த மாத்திரை சாப்பிடறா?"

கீழே கிடங்கில் யாரோ சாக்குகளை இழுக்கும் சத்தம் கேட்டது. உன் உள்ளங்கைகளை மடியில் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நான் மொதல் நாள் அந்தக் கட்டைப் போடாம இருந்திருந்தா, மூணாவது தடவை நீ நடந்திருப்பே மோளே" என்றாய். அவள் மறுக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது தடுத்தவளும் நீதான். "பிராந்துன்னு, பைத்தியம்னு சொல்வாங்க. இந்த ஊரை உனக்குத் தெரியாது. கேம்ப் போயிடும், பின்னே நாளைக்குக் கிடைக்க வேண்டிய ஜோலியும் போயிடும்" என்றாய். அவள் அந்தக் கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள், "இப்பக் கள்ளின்னு சொல்றாங்களே சேச்சி. அதுக்கு மருந்து இல்ல. இதுக்கு இருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க தப்பா எழுதிட்டா என்ன செய்வீங்க?"

"திருத்தம் போடுவோம்."

"அதைப் போடுங்க."

என் செய்தி ஆசிரியருக்கு ஃபோன் செய்தேன். அவர் நல்ல மனிதர், செய்தி தெரிந்தவர். "ஏம்மா, திருத்தம்னா நாலு வரி. இது முழுப் பக்கம்மா! அந்தப் பொண்ணு அழுதுகிட்டிருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு" என்றார். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் சொன்னேன். "அழுகையெல்லாம் போன வருஷமே முடிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க" என்றாள். அவள் கேட்டது பேட்டியல்ல. பொய் எந்த இடத்தில் வந்ததோ அதே இடத்தில், அதே அளவில், அது பொய் என்று வர வேண்டும். அவ்வளவுதான். அவர் கால் மணி நேரம் வாதாடிவிட்டு ஒப்புக்கொண்டார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எர்ணாகுளத்துப் பள்ளியில் மலையாளம் படித்தவள். அதனால் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன்.

"வேகநடை வீராங்கனை மஞ்சுளா தொடைக் காயத்தால் மூன்று போட்டிகளிலிருந்து விலகியதாக இந்த நாளிதழில் வெளியான செய்திகள் தவறானவை. அவருக்குக் காலில் எந்தக் காயமும் இருந்ததில்லை. கடுமையான பதற்ற நோயால் இரண்டு போட்டிகளிலிருந்தும், அதற்கு மருந்து எடுப்பது வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தால் மூன்றாவது போட்டியிலிருந்தும் விலகினார். சிகிச்சை தொடர்கிறது. எங்கள் நிருபர் சரிபார்க்காமல் செய்தி எழுதியதற்கு வருந்துகிறோம்."

"பயிற்சியும் தொடர்கிறதுன்னு சேருங்க" என்றாள் அவள். சேர்த்தேன்.

நீ கையை நீட்டி என் பேனாவைப் பிடித்துக்கொண்டாய். "சரிபார்க்காமன்னு போடாதே."

"ஏன்?"

"நீ பார்த்தே. அவ நொண்டாம வண்டியில ஏறினதை நின்னு பார்த்தே. நானும் பார்த்தேன். தெரிஞ்சேன்னு போடு."

முப்பது வருடத் தொழிலில் என் எழுத்தில் யாரும் இப்படிக் கைவைத்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அடித்துவிட்டு எழுதினேன். எங்கள் நிருபர் தெரிந்தே எழுதிய தவறான செய்தி. ஆசிரியர் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். "உனக்குத்தாம்மா கெடுதல்" என்றார். இருக்கட்டும் என்றேன். அதன்பின் ஆறு மாதம் எனக்கு விளையாட்டுச் செய்திகள் தரவில்லை. துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்று எழுதிக்கொண்டிருந்தேன். "நல்லதுதான், கப்பலுக்குத் தொடை இல்ல" என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

திருத்தம் வெளியான காலை, முதலில் கூப்பிட்டவர் மஞ்சுளாவின் அப்பா. அந்த வீட்டில் தமிழ் படிப்பவர் அவர் ஒருவர்தான். "என் புள்ளை காலுக்கு ஒண்ணுமில்லையாம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஒன்றரை வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம அவ காலுக்கே வேண்டிக்கிட்டேம்மா. தப்பான எடத்துக்கு வேண்டிட்டேனே" என்றார். இதை உன்னிடம் சொன்னபோது மட்டும் நீ சிரிக்கவில்லை.

மறுநாள் மலையாளப் பத்திரிகைகளும் அதை எடுத்தன. தொலைக்காட்சிக்காரர்கள் விடுதி வாசலில் நின்றார்கள். அவள் அதே ஐந்தாறு வாக்கியங்களைத்தான் மலையாளத்தில் சொன்னாள். கூட ஒன்றும் சொல்லவில்லை. மைதானத்து வேலிக்கு வெளியே யாரோ ஒருவன் "பிராந்தி", பைத்தியக்காரி என்று கத்தினான். அவள் நின்று, ஆமாம் என்று தலையை ஆட்டி, "அதே, மருந்துண்டு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நீ சொன்ன ஊரும் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் வேறு விடுதிகளிலிருந்து இரண்டு பெண்கள் அந்த மருத்துவரின் முகவரி கேட்டு அவளைத் தேடி வந்தார்கள். அந்த ஊரை உனக்கும் தெரிந்திருக்கவில்லை.

விசாரணைக்கு நீயாகவே போனாய். பதிவேட்டைப் பிரித்து வைத்து, "இதுல இந்த மூணு வரியும் நான் இட்டுக்கட்டினது, அவ கேட்டு எழுதினதில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். மஞ்சுளா மேல் இருந்த குற்றச்சாட்டு அதோடு விழுந்தது. அந்தப் பருவம் முகாமுக்கு வர வேண்டாம், அடுத்த தேர்வில் நடந்து காட்டு என்றார்கள். உன் ஒப்பந்தத்தை அவர்கள் புதுப்பிக்கவில்லை. பன்னிரண்டு வருட வேலை. நீ அதைப் பற்றி என்னிடம் புலம்பியதாக ஒரு நாளும் நினைவில்லை. சுள்ளிக்கலில் ஒரு அறை பிடித்து, சுமை தூக்குபவர்கள், ஹோட்டலில் நின்றே வேலை செய்பவர்கள், நாட்டியம் ஆடும் பெண்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் கால் பிடித்துவிட்டாய். "இங்க எவளும் வெலகறேன்னு சொல்ல மாட்டா. நாளைக்கு ஷிப்ட் இருக்கும்" என்பாய்.

அடுத்த வருடத் தேர்வுப் போட்டிக்கு நாம் இருவரும் சேர்ந்து போனோம். நான் கப்பல்களிலிருந்து விடுதலையாகியிருந்தேன். நீ பார்வையாளர் வரிசையில் நின்றாய். மஞ்சுளா தொடங்கும் கோட்டில் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு நின்றதைப் பார்த்து என் மணிக்கட்டை நீ பிடித்த பிடியில், அது மூன்று நாள் கன்றியிருந்தது. இருபது சுற்றையும் நடந்தாள். இரண்டாவதாக வந்தாள். முகாமில் இடம் உறுதியானது. சோதனைக் கூடாரத்துக்குள் கூட்டிப்போனார்கள். வெளியே நாம் நின்ற அந்த முக்கால் மணி நேரத்தில் நீ வாயே திறக்கவில்லை. நாம் சேர்ந்திருந்த காலத்தில் அது ஒரு சாதனை.

அவள் வெளியே வந்ததும் நீ கேட்டாய், "எழுதினியா மோளே?"

"எழுதினேன். மாத்திரை அட்டையவே எடுத்து மேசைமேல வெச்சேன்."

"என்ன சொன்னான்?"

"கொட்டாவி விட்டான் சேச்சி. காலைல நாலு மணிக்கு எழுந்தானாம். எத்தனை மில்லிகிராம்னு கேட்டான், எழுதிக்கிட்டான். ஒரு வருஷமா நான் பயந்து செத்தது இதுக்கு. அந்த ஆளு கொட்டாவி விடறான்!"

நீ சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். சிரிக்கிறாயா அழுகிறாயா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இன்றும் தெரியாது. அதனால் இரண்டில் எதையும் நான் எழுதவில்லை.

உனக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தபோது அவள் முகாமிலிருந்து விமானம் பிடித்து வந்தாள். நீ கண் திறக்காத அந்த மூன்று நாளும் உன் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து, அவங்களுக்குத் தெரியாதும்மா என்று சொன்னபோது, "தசைக்குத் தெரியும்" என்றாள். நீ சொல்லிக்கொடுத்த திமிர் அப்படியே இருந்தது.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறாள். மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள், ஒருமுறை கூட்டினார்கள், மறுபடி குறைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு போட்டிக்கு முந்தைய நாள் மாலை அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"சேச்சி, நாளைக்கு நடக்கலை. ரெண்டு நாளாத் தூக்கமில்ல, நெஞ்சு அடைக்குது. டாக்டர்கிட்டப் பேசிட்டேன்."

என்ன காரணம் என்று எழுதட்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். யார் விலகினாலும் இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறேன். அவர்கள் சொல்லும்வரை பேனாவைத் திறப்பதில்லை. நீ என் கையில் விட்டுப்போன பழக்கம் இது. சில சமயம் பதில் வர நேரமாகும். சில சமயம் வராது. அப்போது காரணம் தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

"இப்பச் சொன்னதைத்தான். அடுத்த போட்டியில நடப்பேன்னும் போடுங்க" என்றாள் மஞ்சுளா.

இரண்டையும் எழுதினேன். ஒரே வாக்கியமாக, படமில்லாமல், உள்பக்கத்தின் கீழ் மூலையில் வந்தது. மறுநாள் காலை தொலைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் வரவில்லை, ஆசிரியர் முழுப் பக்கம் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவள் நடந்தாள். அந்தச் செய்தியில், எந்த இடத்தில் வந்தாள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.